சட்டியை யார் கழுவுவது?

சென்ற ஆண்டு ஆவணியில் என் பழைய மாணவி ஒருத்தி கல்யாணப் பத்திரிகையோடு துறைக்கு வந்தாள். வாசலில் நின்றபடியே பேசி அனுப்பிவிட முடியாத பிள்ளை. உட்காரவைத்துத் தேநீர் வாங்கிவரச் சொன்னேன். பையன் யார், எங்கே வேலை, இரண்டு வீட்டிலும் எப்படிச் சம்மதித்தார்கள் என்றெல்லாம் பேசி முடித்த பிறகு, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்.

“மேடம், அவங்க வீட்டுல சுத்த சைவம். நீங்களும் அப்படி ஒரு வீட்டுக்குத்தானே போனீங்க? உங்ககிட்ட ஒரு சமையல் நோட்டு இருக்குன்னு சொன்னாங்க. கொஞ்ச நாளைக்குத் தர்றீங்களா? கல்யாணத்துக்குள்ள கத்துக்கணும்.”

தருகிறேன் என்றுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து பரணிலிருந்து அதை எடுத்துத் தூசி தட்டிய பிறகு, கொடுக்க மனம் வரவில்லை. மஞ்சள் கறை படிந்த அந்த நோட்டைப் புரட்டப் புரட்ட, இதைப் படித்து அவள் எதைக் கற்றுக்கொள்வாள் என்று யோசனையாக இருந்தது. அந்த யோசனைதான் இந்தக் கட்டுரை.

நான் பிறந்து வளர்ந்தது துறையூரில். எங்கள் வீட்டை ‘அசைவ வீடு’ என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் தினமும் ஆடும் கோழியும் அடித்துத் தின்ற குடும்பம் போலத் தோன்றும். திங்கள் முதல் சனி வரை எங்கள் அடுப்பில் மாமிசம் ஏறியதில்லை. ரேஷன் அரிசிச் சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், கொள்ளு ரசம், தட்டைப்பயறும் கத்தரிக்காயும் போட்ட புளிக்குழம்பு. ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ கறி எடுத்தால் ஆறு பேர் சாப்பிட வேண்டும். துண்டெல்லாம் அப்பாவுக்கும் அண்ணனுக்கும். எலும்பு எனக்கும் தங்கைக்கும். எல்லோரும் எழுந்த பிறகு அம்மா சட்டியிலேயே சோற்றைப் போட்டு, ஒட்டியிருக்கிற மசாலாவோடு பிசைந்து சாப்பிடுவாள். ஆணுக்கு முதல் பந்தி என்பது சைவ வீட்டுக்கு மட்டும் உரிய வழக்கமில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆக, மாமிசமில்லாமல் சமைக்க எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரியும். 2006இல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஸ்ரீரங்கத்துக்குக் குடிபோனபோது, ‘சைவச் சமையல் கற்றுக்கொள்கிறேன்’ என்று ஏன் ஒரு நோட்டை வாங்கினேன்?

நோட்டின் முதல் பக்கங்களில் சமையல் குறிப்பே இல்லை. பூண்டு கூடாது. வெங்காயம் சில நாட்களில் கூடும். அமாவாசை, ஏகாதசி, திவசத்தில் கூடாது. திவசத்துக்குக் கோஸ், காரட், உருளை போன்ற இங்கிலீஷ் காய்கறி கூடாது. சோற்றுப் பாத்திரத்தைத் தொட்ட கையால் தயிர்ப் பாத்திரத்தைத் தொடக் கூடாது. அதற்குப் பெயர் பத்து. பெருமாளுக்குக் காட்டுவதற்கு முன்னால் ருசி பார்க்கக் கூடாது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப்பார்த்து உப்புப் போடும் வம்சத்தில் வந்தவளுக்கு அதுதான் பெரிய சோதனை. பெரியபுராணத்துக் கண்ணப்பர் ஒவ்வொரு துண்டாகக் கடித்துப் பார்த்து நல்லதையெல்லாம் சிவனுக்கு எடுத்துவைத்த கதையை வகுப்பில் உருகி உருகி நடத்திவிட்டு வந்து, உப்புத் தெரியாத குழம்புக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

நான் கற்றுக்கொண்டது எதை எப்படி வேகவைப்பது என்பதை அல்ல. எதை, எப்போது, யார் தொடலாம் என்பதை.

எங்கள் ஊர்ப் பக்கத்திலும் மாமிசம் விலக்கும் நாட்கள் உண்டு. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் துறையூர்ப் பெருமாள்மலைக்குக் கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள். அந்த மாதம் முழுக்கக் கவுச்சி வாங்காத வீடுகள் எங்கள் தெருவிலேயே ஏராளம். சமயபுரத்தில் மாரியம்மனே மக்களுக்காக 28 நாள் பச்சைப்பட்டினி கிடக்கிறாள். அந்த நாட்களில் அவளுக்குச் சமைத்த தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் போன்றவைதான். அவளோடு சேர்ந்து விரதமிருந்த என் அம்மாயி, அது முடிந்ததும் ஆத்தாளுக்கு நேர்ந்துவிட்ட சேவலை அடித்துக் குழம்பு வைப்பாள். இரண்டுக்கும் நடுவில் முரண் எதையும் அவள் கண்டதில்லை. மாமிசம் உண்ணாமை எங்களுக்குக் காலண்டரில் வரும் ஒரு காலம். போகிற வீட்டில் அது பிறப்பாக இருந்தது. விரதத்தை யாரும் எடுக்கலாம், முடிக்கலாம். பிறப்பை எடுக்கவும் முடியாது, முடிக்கவும் முடியாது. நோட்டு வாங்கி எழுதித்தான் நடிக்க முடியும்.

‘சைவம்’ என்ற சொல்லையே பாருங்கள். சமயத்தின் பெயர் சாப்பாட்டின் பெயராகி, வைணவத்தின் தலைமைப் பதியான ஸ்ரீரங்கத்திலும் ஓட்டல் பலகையில் ‘சைவ உணவகம்’ என்றே தொங்குகிறது. என் இணையரின் வீட்டிலோ சமையல் என்றே சொல்ல மாட்டார்கள், தளிகை. ரசம் சாத்தமுது. பொரியல் கரமது. முதல் நாள் மாமியார், “இன்னிக்கு என்ன கரமது பண்ணலாம்?” என்று கேட்டபோது விழித்தேன். கறியமுதுதான் கரமது என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. எங்கள் வீட்டில் கறி என்றால் ஆடு, இங்கே வாழைக்காய். சங்க இலக்கியத்தில் கறி என்பது மிளகு. பெரும்பாணாற்றுப்படையில் பிராமணர் வீட்டு விருந்தைச் சொல்லும் இடத்திலும் அந்தக் கறி வருகிறது. மாதுளங்காயில் மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்த பண்டம், மாவடு என்று வாயூறும் பட்டியல். அதே பாட்டில் எயினர் வீட்டில் வேட்டை இறைச்சி. வலைஞர் வீட்டில் மீன். உருத்திரங்கண்ணனார் காட்டும் வழியில் போகும் பாணன் அத்தனை வீட்டு வாசலிலும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் காஞ்சிக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு வீட்டில் உண்டதற்காக இன்னொரு வீட்டில் வாயைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லவில்லை யாரும்.

அந்தச் சமையல் எனக்குப் பிடித்துப்போனது என்பதை மறைத்தால் நான் பொய் சொல்கிறவள் ஆவேன். பூண்டின் துணையில்லாமல் பெருங்காயத்தை மட்டும் வைத்து ஒரு குழம்புக்கு ஆழம் கொண்டுவருவது லேசான வேலையில்லை. தனியாவும் கடலைப்பருப்பும் மிளகாயும் தனித்தனியாக வறுபட வேண்டிய பதம், தேங்காயை எப்போது சேர்ப்பது, சுண்டைக்காய் வற்றலை நல்லெண்ணெயில் எதுவரை கருகவிடுவது என்று மாமியார் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறேன். ஐம்பது வருடம் அடுப்பின் முன்னால் நின்ற ஒரு பெண்ணின் படிப்பு அது. எந்தப் பல்கலைக்கழகமும் அதற்குப் பட்டம் கொடுக்கவில்லை. மாமனார் 2008இல் இறந்த பிறகு அவர் எங்களோடு வந்துவிட்டார். அன்றிலிருந்து இரவில் சோறு சாப்பிடுவதில்லை, பலகாரம் மட்டும். வெங்காயமும் போயிற்று. “பழகிடுத்து” என்பார். அதற்கு முன்பும் கணவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவருக்கு இலை. அடுக்களைச் சட்டங்களை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்; ஆனால் அவற்றை இயற்றியவர் இல்லை. எனக்கு முன்பே அவற்றுக்குள் அடைக்கப்பட்டவர்.

ஒரு நாள் என் அரைத்துவிட்ட சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, வந்திருந்த உறவினரிடம் அவர் சொன்னார்: “நம்மாத்துப் பொண்ணு மாதிரியே பண்றாளே!” முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு முடிந்த அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. முகம் மலர்ந்துபோய் நின்றேன்.

குறுந்தொகை 167ஆம் பாட்டை ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறேன். மணமாகித் தனிக்குடித்தனம் போன பெண்ணின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய், நற்றாயிடம் சொல்வது. கெட்டித் தயிரைப் பிசைந்த விரலைத் துணியிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. கூடலூர் கிழார் எழுதியது. தமிழின் மிக அழகான குடும்பக் காட்சிகளில் ஒன்று என்றுதான் நானும் சொல்லிவந்தேன். அதில் இருக்கும் குழம்பு தயிர்க்குழம்பு, மாமிசமில்லாதது, யாரும் அதற்குச் சைவம் என்று பெயர் வைக்கவில்லை. ஒருமுறை இளங்கலை வகுப்பில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “அந்தப் பொண்ணு சாப்பிட்டாளா மேடம்?” வகுப்பே சிரித்தது. பாட்டில் அது இல்லையம்மா என்றேன். மாமியாரின் பாராட்டைக் கேட்டு நான் மலர்ந்து நின்றதும் அந்தப் பாட்டின் மலர்ச்சியும் ஒன்றுதான் என்று தெரிய எனக்கு இன்னும் சில மாதங்கள் ஆயின. அதைத் தெரியவைத்தது ஒரு தூக்குவாளி.

2010 தை மாதம். நான் ஐந்து மாதக் கர்ப்பம். ஒரு ராத்திரி போனில் அம்மாவிடம், “ஏரிக் கெண்டைக் குழம்பு சாப்பிடணும் போல இருக்கும்மா” என்று சொல்லிவிட்டேன். சொன்னதை மறந்தும் போனேன். மறுநாளுக்கு மறுநாள் காலையில் அம்மா வந்து நின்றாள். துறையூர் ஏரி மீன். முந்தின நாள் ராத்திரியே வைத்து, தூக்குவாளியில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, அதற்கு மேல் மூன்று பாலித்தீன் பை சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மண்ணச்சநல்லூர் வழியாக டோல்கேட்டில் இறங்கி, வேறு பஸ் மாறி வந்திருந்தாள். நாங்கள் இருந்தது வாடகை வீடு. மீன், கறி சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கிடைத்த வீடு. அம்மா வீட்டுக்குள் வரவில்லை.

“உள்ள வாம்மா.”

“இல்ல பாப்பா, நாம பின்னாடியே உக்காந்துக்குவோம். மாப்பிள்ளைக்கு ஒமட்டும். அவங்க அம்மா வேற இருக்காங்க.”

கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். முள் எடுத்துக் கொடுத்தாள். சாப்பிட்டு முடித்ததும் வாளியையும் தட்டையும் புளி போட்டு, சாம்பல் போட்டு, சீயக்காய் போட்டு மூன்று முறை தேய்த்தாள். கல்லைக் கழுவினாள். முள்ளையெல்லாம் பொறுக்கி ஒரு நாளிதழில் மடித்து, அதே பாலித்தீன் பைகளில் சுற்றித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். “டோல்கேட்டுல எங்கயாவது போட்டுக்கிறேன். இங்க போட்டா பூனை கீனை இழுத்துட்டு வந்து விட்டுரும்.” தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

என் வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் மாட்டார்கள். இணையர் சாயங்காலம் வந்து, “அம்மாவை ஏன் இருக்கச் சொல்லல?” என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். யாரும் எதுவும் சொல்லாமலே என் அம்மா தன் சமையலைத் தானே குற்றம்போல் ஒளித்துக்கொண்டுவந்து, தடயத்தை எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு அந்தப் பாடத்தை நடத்தியது அந்த வீடு மட்டுமில்லை. நல்ல பிள்ளையாக நோட்டு எழுதிக்கொண்டிருந்த நானும்தான். ஒவ்வொரு முறை ஊருக்குப் போனபோதும் “அவங்க வீட்டுல அதெல்லாம் ஆகாதும்மா” என்று நான்தான் சொல்லிவந்தேன்.

அதற்குப் பிறகுதான் நானும் அவரும் இதை முதன்முறையாகப் பேசினோம். அவர் சாதியில் நம்பிக்கையில்லாதவர். பூணூலைக் கல்லூரி நாளிலேயே கழற்றிவிட்டவர். “உன்னை நான் சாப்பிடாதேன்னு சொன்னதே இல்லையே” என்றார். உண்மை. கொல்லாமை ஓர் அறமில்லையா என்றும் கேட்டார். அதற்கும் நான் இல்லை என்று சொல்ல முடியாது. வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். தின்பவர் இல்லாவிட்டால் விற்பவரும் இருக்க மாட்டார் என்ற அவர் வாதத்துக்குப் பதில் சொல்வது சுலபமில்லை. ஓர் உயிரின் வலியை நினைத்து ஒரு நாள் நான் மீனை விட்டுவிட்டால் அது என் முடிவு. யாருக்கும் அதற்கு நோட்டு எழுதித் தர வேண்டியதில்லை.

ஆனால் அந்த அடுக்களையில் மீனின் வலியைப் பற்றி யாரும் ஒருநாளும் பேசியதில்லையே. கன்று குடிக்க வேண்டிய பாலைப் பற்றியும் பேசியதில்லை. வள்ளலாரும் புலால் மறுத்தவர்தான். 1867இல் வடலூரில் அவர் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. புலால் உண்பவரைப் புற இனத்தார் என்றே அவர் குறித்தார். ஆனாலும் அவர்கள் பசி என்று வந்தால் சோறு போடத்தான் சொன்னார். அந்த அடுப்பு கேட்கிற கேள்வி, யாருக்குப் பசிக்கிறது என்பது. பிறப்பால் வந்த சைவம் கேட்கிற கேள்வி, யார் தொட்டது என்பது. 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்ததால் நாடே கொதித்ததே, அங்கே சண்டை மாமிசத்தைப் பற்றியா நடந்தது? பக்கத்தில் யார் உட்காருவது என்பதைப் பற்றித்தான். இரண்டு கேள்விக்கும் பதிலாக ஒரே கத்தரிக்காய்க் கூட்டு இலையில் விழலாம். அதனால் இரண்டும் ஒரே அறமாகிவிடாது.

“எனக்கு அந்த வாசனை ஒத்துக்கலை. அது என் தப்பா?” என்றார் கடைசியாக. தப்பில்லை. குமட்டல் பொய்யில்லை, உடம்பு குழந்தையிலிருந்து படித்த பாடம் அது. என் உடம்புக்கும் வேறு பாடங்கள் இருந்தன. அவற்றை அழித்து எழுத மூன்றே வருடம் போதுமாக இருந்ததே, எப்படி? பதினைந்து வயது வரை பூண்டு இல்லாமல் ரசம் குடித்தறியாதவள் பூண்டு வாசனைக்கு மூக்கைச் சுளிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். அவருக்கோ தோசை வார்க்கக்கூடத் தெரியாது. மத்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக வந்தது. இந்த 299 நிமிடத்துக்குள்தான், புது வீட்டுக்குப் போன பெண் தன் நாக்கை மாற்றிக்கொள்ளும் வேலையும் இருக்கிறது. அதற்குத் தனிக் கணக்கு யாரும் எடுக்கவில்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் மாமிசம் உண்பவர்கள் என்று 2014இல் எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆனாலும் கலப்பு மணம் நடந்தால் கற்றுக்கொள்கிறவர் அந்த 97இல் இருந்து வந்தவர். அதிலும் பெண் என்றால் பேச்சே இல்லை. சைவ வீட்டுப் பெண் அசைவ வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாலும் அவளுக்கென்று தனி அடுப்பு மூட்டிக்கொடுத்த மாமியார்களைப் பார்த்திருக்கிறேன். மீன் தின்கிற மருமகளுக்குத் தனி அடுப்பு மூட்டிய சைவ வீட்டை நான் பார்த்ததில்லை. விட்டுக்கொடுத்தல் அன்பின் அடையாளம் என்கிறோம். எப்போதும் பள்ளத்திலிருந்தே மேட்டுக்கு ஓடுகிற தண்ணீரை அன்பு என்று எப்படிச் சொல்வது? யாரோ இறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றல்லவா அர்த்தம்?

பேசியதும் எல்லாம் மாறிவிடவில்லை. வருடங்கள் ஆயின. சொந்த வீட்டுக்கு வந்தோம். மகள் துறையூரில் அம்மாயி வீட்டில் எல்லாம் சாப்பிடுவாள். இங்கே வந்தால் தயிர்சாதம். 2020 ஊரடங்கில் ஊருக்குப் போக முடியாமல் போனபோது அவள் கேட்டாள்: “நம்ம வீட்டுல ஏம்மா மீன் செய்யக் கூடாது?” எனக்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. மீன்காரர் தெருவில் வந்தார். மண்சட்டி வாங்கினேன். பின்கட்டில் ஒரு ஸ்டவ் வைத்து, பத்து வருடத்துக்குப் பிறகு என் கையால் மீன் குழம்பு வைத்தேன். பூண்டு உரிக்கும்போது கை நடுங்கியது என்றால் நம்புவீர்களா?

இருவரும் சாப்பிட்டோம். அவர் கூடத்தில் மோர்சாதம் சாப்பிட்டார். பிறகு நான் அவரைக் கூப்பிட்டேன்.

“சாப்பிட வேண்டாம். ஒருநாளும் சொல்ல மாட்டேன். இந்தச் சட்டியை மட்டும் கழுவுங்க.”

வெகுநேரம் நின்றார். துண்டை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். முதலில் முள்ளை எடுத்துக் குப்பையில் போட்டார். எங்கள் வீட்டுக் குப்பையில். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு முறைதான் தேய்த்தார், வாசனை போகவில்லை. பரவாயில்லை என்றேன். நான் கேட்டது அவருடைய நாக்கை அல்ல. நாக்குக்கு விருப்பு வெறுப்பு இருக்கலாம். என் அம்மா தொட்ட பாத்திரத்தைத் தொட ஒரு கைக்கு ஏன் கூசவேண்டும் என்பதே என் கேள்வி. இப்போது வாரத்தில் நான்கு நாள் சமையல் அவருடையது. என் நோட்டைப் பார்த்துத்தான் செய்கிறார். ருசி பார்த்துத்தான் உப்புப் போடுகிறார்.

மாமியாருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அந்தச் சட்டி இருக்கும் அலமாரியை அவர் இன்றுவரை திறந்ததில்லை. திறக்கச் சொல்லி நான் கேட்கவும் மாட்டேன். தன் இலையில் என்ன விழலாம் என்று தீர்மானிக்கிற உரிமை ஒருநாளும் வாய்க்காத பெண்ணிடம் போய், என் உரிமைக்கு நிரூபணம் கேட்பது நியாயமில்லை. ஆனால் அம்மா வருகிற நாளில், “உங்கம்மாவை உள்ள வந்து உக்காரச் சொல்லு, வெயில்ல நிக்கப்போறா” என்று அவரே குரல் கொடுக்கிறார். அம்மா உள்ளே வருகிறாள். நாற்காலியின் நுனியில்தான் உட்காருகிறாள்.

மாணவிக்கு நோட்டைக் கொடுத்துவிட்டேன். வற்றல் குழம்பு 14ஆம் பக்கத்தில், அதைத் தவறவிடாதே என்றேன். முதல் நான்கு பக்கங்களைக் கிழிக்கலாமா என்று யோசித்தேன், கிழிக்கவில்லை. அவள் படிக்கட்டும். கடைசிப் பக்கம் காலியாக இருந்தது. அதில் துறையூர்க் கெண்டைக் குழம்பை அம்மாவிடம் போனில் கேட்டு எழுதிச் சேர்த்தேன். கீழே ஒரு வரி: ‘சட்டியை அவர் கழுவ வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே கேட்டுவிடு.’

நோட்டு இன்னும் திரும்பி வரவில்லை. கேட்டாளா இல்லையா என்று தெரியவில்லை. நான் கேட்க நான்கு வருடம் ஆனது, அவர் கழுவ இன்னும் பத்து வருடம் ஆனது. அவளை அவசரப்படுத்த எனக்கு உரிமையில்லை.